கடைக்காப்பும் சிறப்புப்பாயிரமும்: தனித்துப் பாடுவோர் தம் பாட்டைப் பரப்பும் நெறி

பாட்டு ஒன்று பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்து செல்லுங்கால் பாடினோர் பெயரும் அதனுடன் செல்லுமா என்பது பழைய வினா. சுவடிக் காலத்தில் எழுந்த அவ்வினா இணையக் காலத்தில் மீண்டும் எழுந்து நிற்கின்றது. எந்த நிறுவனத்தையும் சாராது தாமே பாடித் தாமே வெளியிடும் இளைஞர்க்கு இன்று கூறப்படும் அறிவுரை எல்லாம் பாட்டை எவ்வாறு பரப்புவது என்பது பற்றியதே. பரவிய பின் அது யாருடையது என்று கேட்போர் எங்ஙனம் அறிவர் என்பது பற்றி எவரும் மிகுதியாகப் பேசக் காணோம். இக்கட்டுரை அப்பகுதியையே ஆராய முற்படுகின்றது.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டிய நிகழ்ச்சி சிறியது. எம் மாணவர் ஒருவரின் தமையனார் இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் பணிபுரிபவர். தம் தாயார் வயலில் பாடிவந்த நடவுப்பாட்டு ஒன்றை எடுத்து, தாமே இயற்றிய இரண்டு கண்ணிகளையும் இறுதியில் சேர்த்து, வீட்டு அறையிலேயே கைபேசியில் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினார். சில திங்களில் அப்பாட்டின் நடுவிலிருந்து அரைநிமிட அளவு ஒரு துண்டு வெட்டப்பெற்று, 'பழைய கிராமத்துப் பாட்டு' என்னும் பெயரோடு ஊர் ஊராய்ச் சுற்றியது. அதனை அவருக்கே ஒருவர் அனுப்பிவைத்து, கேட்டுப் பார்க்குமாறு பரிந்துரைத்தாராம்! நண்பர் அனைவரும் அவரை இன்னும் விளம்பரம் செய்யுமாறு இடித்துரைத்தனர். அவர் எம்மிடம் கேட்டது ஒன்றே: "என் பாட்ட நானே நல்லாருக்குன்னு எப்பிடி சார் சொல்றது?"

இவ்வினாவின்கண் இருப்பது வெறும் கூச்சம் அன்று. அதன் பின்னே ஒரு மரபு நிற்கின்றது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் சிறப்புப்பாயிரம் செய்தற்குரியார் இன்னார் என வரையறுக்கின்றார். நூலாசிரியனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரே அதற்குரியவர். எத்துணை அரிய நூலைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. இதுவரை கூறிய பின் இலக்கணம் நின்றிருப்பின் எம் நண்பர்க்கு யாம் கூறத்தக்க விடை ஒன்றும் இராது. ஆயின் பவணந்தியார் அடுத்த நூற்பாவிலேயே விலக்கும் தருகின்றார். அரசன் அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழித்துரைத்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது அதன் கருத்து.

இந்நான்கனுள் இரண்டாவது நம் கருத்திற்கு மிக இன்றியமையாதது. இணையத்தில் பாட்டை ஏற்றும் புதியவர் எப்பொழுதும் தம் ஆற்றலை அறியாதாரிடையேதான் இருக்கின்றார். முதலாவதும் இன்று வேறு வடிவில் நிகழ்வதே. ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் பாட்டுத்தொகுப்பில் இடம் வேண்டுவோர், பாட்டு வெளிவரும் நாளுக்கு ஏழு நாளேனும் முன்னதாக, பாட்டின் வகை, உணர்வு, இசைக்கருவி, அது பிறந்த வரலாறு ஆகியவற்றை எழுதி அனுப்புதல் வேண்டும். மன்னவை நோக்கி விடுக்கும் ஓலை இதனின் வேறன்று; மன்னன் முகம் மட்டும் தெரிவதில்லை. ஆதலின் தன் பாட்டைத் தானே எடுத்துரைத்தலை இழுக்கெனக் கருதற்க என்று அவர்க்கு இலக்கணத்தின் துணைகொண்டே கூறினோம். அவரும் ஒருவாறு அமைதியுற்றார். எமக்குத்தான் அமைதி பிறக்கவில்லை. ஏனெனின், அவருடைய பாட்டு புகழப்படாமையால் கெடவில்லை, பரவியே கெட்டது. பெயர் உதிர்ந்தமையே அதற்கு நேர்ந்த கேடு.

புகழ்தலும் பெயர் பொறித்தலும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பாவலர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பதிகங்களின் இறுதிப் பாட்டே சான்று. ஞானசம்பந்தர் தம் பதிக இறுதியில் தம் ஊரையும் பெயரையும் பதிப்பது வழக்கம். அவருடைய பாடல்கள் அடங்கிய முதன் மூன்று திருமுறைகளும் திருக்கடைக்காப்பு என்றே வழங்கப்பெறுகின்றன. காப்பு என்னும் சொல் ஈண்டு நோக்கற்பாலது. பாடினோனை அது பாட்டோடு சேர்த்துக் காக்கின்றது. நம்மாழ்வார் இதன்மேலும் ஒருபடி சென்று, தம் பெயர், ஊர் இவற்றோடு ஆயிரத்துள் இது ஒரு பத்து என்னும் கணக்கையும் இறுதிப் பாட்டில் வைத்தார்.

அக்கணக்கு செய்த பணியை வைணவ குருபரம்பரை நூல்கள் சுவைபடக் கூறுகின்றன. காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள், குடந்தைப் பெருமாள்மேற் பாடிய பத்துப் பாட்டினைச் சிலர் பாடக் கேட்டார். இறுதிப் பாட்டில் ஆயிரம் என்னும் எண் வந்தது. எஞ்சியவை எங்கே என அவர் கேட்க, பாடினோர் அறியாராயினர். ஆனால் அப்பாட்டிலேயே குருகூர் என்னும் ஊர்ப்பெயரும் சடகோபன் என்னும் பெயரும் இருந்தமையின் அவர் குருகூர் சென்று தேடினார். நாலாயிரமும் பெற்றார் என்பது வரலாறு. இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளினும் கொள்க, சமய மரபுரையாகக் கொள்ளினும் கொள்க. ஒரு பாட்டு தன்னைக் கேட்டவனை எஞ்சிய பாட்டிற்கு எவ்வாறு அழைத்துச் செல்லும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் கதை பிறிதொன்றை யாம் அறியோம். பாடிக்கொண்டு வந்தவர்க்கே முழுமை தெரியாது. இருந்தும் வழி அழியவில்லை. வழி பாட்டினுள்ளேயே இருந்தது.

இராசபாளையத்திற்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், இவ்வாராய்ச்சிக்கு எல்லா ஊரினும் சிறந்த களம். ஆண்டாள் அருளியவை திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாட்டுகள். திருப்பாவையின் முதல் 29 பாட்டுகளிலும் பேசுவோர் ஆய்ப்பாடிச் சிறுமியர். முப்பதாம் பாட்டிலோ ஆய்ப்பாடி மறைந்து புதுவை தோன்றுகின்றது. கோதை என்னும் பெயர், பட்டர்பிரானாகிய தந்தையின் பெயர், புதுவை என்னும் ஊர், முப்பது என்னும் எண், பாடுவோர் எய்தும் பயன் ஆகிய ஐந்தும் அவ்வொரு பாட்டினுள் அடங்குகின்றன. முப்பது என்று எண் கூறியமையால் பிற்காலத்தார் ஒன்றைக் கூட்டவும் இயலாது, ஒன்றைக் குறைக்கவும் இயலாது. இடைச்செருகலைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதும் ஆராய்ச்சியாளர்க்கு இவ்வெண்ணின் அருமை தெரியும்.

ஈண்டு உரையாசிரியர் பலரும் சமயப் பொருளிற் கருத்தூன்றி விரைந்து கடந்த ஒன்றை எடுத்துக்காட்ட விழைகின்றோம். ஆண்டாள் முப்பதாம் பாட்டில் 'நான்' என்று கூறவில்லை. தம்மைப் படர்க்கையில் வைத்துக் கோதை என்றே கூறுகின்றார். பிற பதிகங்களிலும் இதுவே வழக்கு ஆதலின் இதனை மரபு என்று கூறி அமையலாம். ஆனால் அம்மரபு ஏன் அவ்வாறு அமைந்தது? 'நான் பாடினேன்' என்னும் சொல் பிறர் வாயிற் புகுந்தவுடன் பொருள் மாறிவிடும். பாடுகின்றவளே அந்த நான் ஆகிவிடுவாள். 'கோதை பாடியது' என்னும் சொல்லோ எவர் வாயிற் புகினும் கோதையையே சுட்டும். எனவே இவ்விறுதிப் பாட்டு, பிறர் பாடுதற்கென்றே, பிறர் பாடுவர் என்பதை எதிர்நோக்கியே செய்யப்பெற்றது. மார்கழி விடியலில் அதனைப் பாடும் ஒவ்வொரு சிறுமியும் தான் அறியாமலேயே ஆண்டாளின் பெயரை அறிவிக்கின்றாள். தம் பாட்டைத் தாமே அறிவிக்க வேண்டிய தேவையை ஆண்டாள் இவ்வாறு கடந்துவிட்டார்.

இதனால் முத்திரை ஒன்றே போதும் என்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. திருப்பாவையைக் கோயில் காத்தது; உரை காத்தது; ஸ்ரீவில்லிபுத்தூரிலும் திருவரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் வழிவழியாகப் பாடி அபிநயிக்கும் அரையர் காத்தனர். அரியக்குடி இராமாநுச ஐயங்கார் முப்பதிற்கும் இராகம் அமைத்தமையால் கச்சேரி மேடையும் காத்தது. கிருட்டிணதேவராயர் ஆண்டாள் வரலாற்றைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதவாகப் பாடினார். அதனை இராசபாளையத்து மு. கு. ஜகந்நாத ராஜா தமிழாக்கி 1989ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். வில்லிபுத்தூர்ப் பெயர் விசயநகரம் வரை சென்று, பக்கத்து ஊர் வழியாகத் திரும்பி வந்தது என்று இதனை வேடிக்கையாகவும் கூறலாம். இத்துணைக் காவலும் தனித்துப் பாடும் இளைஞர்க்கு இல்லை. இல்லாமையினாலேயே அவர்க்குக் கடைக்காப்பு இன்னும் மிகுதியாக வேண்டப்படுகின்றது.

கோயிற்காவல் பெரிதும் இன்றியே பரவிய பாட்டிற்கும் அப்பகுதியிலேயே சான்று உண்டு. இராசபாளையத்திற்குத் தெற்கே சங்கரன்கோயில் வட்டாரத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முப்பது அகவையை ஒட்டி மறைந்த இளங்கவிஞர். ஊற்றுமலை சமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் அவரைப் போற்றினார் என்பது உண்மை. ஆயினும் அவர்தம் காவடிச்சிந்தைச் சுமந்தவை கழுகுமலைக்கு நடந்த அடியார்களின் கால்களே. நடைக்கு ஏற்ற சந்தம் வாய்த்தமையால் நடந்தோர் வாயெல்லாம் அச்சிந்து நின்றது. நூல் தொடக்கத்திலேயே அவர் தம் ஊரையும் பெயரையும் சந்தத்தோடு பிணைத்துவிட்டார்; உலகம் மெச்சிய கவி என்று தம் பாட்டை முருகன் தோளுக்குரிய மாலையாக வைத்துப் புகழ்ந்தும் கொண்டார். தற்புகழ்ச்சி தெய்வப் புகழ்ச்சியினுள் ஒளிந்து நிற்கும் இவ்வழகு, நன்னூலார் காட்டிய நான்கு இடங்களுக்கும் புறம்பான ஐந்தாவது இடம் போலும்! பெயர் அடைவிற் பொருந்தி, எதுகையிற் சிக்கி நிற்றலின் அதனை நீக்கினால் சந்தம் கெடும். எனவே நீக்குவோர் இலர்.

பெயரைப் பாட்டினுட் பொதியாதார் நிலை யாது? சங்கப் பாடல்களில் புலவர் பெயர் பாட்டிற்குப் புறத்தே, குறிப்பாக எழுதப்பெற்றது. குறுந்தொகையுள் அக்குறிப்பு அழிந்த இடங்களில் தொகுத்தோர் பாட்டில் வரும் ஓர் அரிய தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார், மீனெறிதூண்டிலார் எனப் பெயர் பெற்றோர் எல்லாம் இவ்வகையினர். இப்பெயர்களின் அழகில் ஈடுபட்டு நாம் அவற்றின் துயரத்தை மறந்துவிடுகின்றோம். இவை ஒருவர்க்குத் தாய்தந்தையர் இட்ட பெயர் அல்ல; பெயர் இழந்தார்க்கு ஊரார் இட்ட அடையாளம். இன்று ஒருவரை அவர் பாடிய ஒரு சொல்லைக் கொண்டு 'அந்தப் பாட்டுப் பாடின பையன்' என்று சுட்டுவதும் இவ்வகையதே. குப்பைக்கோழியாரின் நிலைமையில் நின்று எம் நூற்பாலை நண்பர் எம்மிடம் பேசினார் என்க.

இனி இக்காலத்து முறையை நோக்குவோம். பாட்டை உலகமெங்கும் பகிர்ந்தளிக்கும் நிறுவனத்திற்கு அனுப்புங்கால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பாட்டின் பெயர், பாடினோர், இசையமைத்தோர், எழுதினோர், மொழி, வகை, ஆண்டு, உரிமையாளர் முதலியவற்றை அது கேட்கின்றது. இதனை மெட்டாடேட்டா என்பர். சிறப்புப்பாயிரத்திற்கு இலக்கணம் வகுத்தோர் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும், காலம், களம், காரணம் என மூன்றும் கூட்டிப் பதினொன்று கூறினர். இரண்டினையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஒப்புமை விளங்கும். எல்லை என்பது பாட்டு எந்நாடுகளில் ஒலிக்கலாம் என்னும் குறிப்பாகவே இன்றைய படிவத்தில் நிற்கின்றது. ஒவ்வோர் ஒலிப்பதிவிற்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் 12 எழுத்தும் எண்ணும் கலந்த குறி ஒன்று தரப்படுகின்றது. நாடு, பதிவாளர், ஆண்டு, வரிசை என்பன அதனுள் அடங்கும். வகுத்தோர் அறிவுடையோரே. ஆயின் இவையனைத்தும் பாயிரமே ஒழியக் கடைக்காப்பு அல்ல.

இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ஏட்டுச்சுவடியைக் கையாண்டோர் எளிதில் உணர்வர். கட்டின் முதலேடும் கடையேடுமே முதலில் ஒடிவன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இன்று கிடைத்தில. புறத்தே நிற்கும் குறிப்பு புறத்தேயே உதிரும். ஒருவர் பாட்டின் நடுவே அரைநிமிடத்தை வெட்டி ரீல்ஸ் ஆக்கும்போது படிவத்தில் எழுதிய பதினொன்றும் கழிந்துவிடுகின்றன. பாட்டின் ஈற்றில் பெயர் இருப்பினும் நடுவை வெட்டினால் அதுவும் போகுமே எனின், போகும். அதனாலேயே அண்ணாமலையார் தொடக்கத்திலும் வைத்தார். திரும்பத் திரும்பப் பாடப்பெறும் பல்லவியில் ஊர்ப்பெயரையேனும் வைப்பது இன்றைய வெட்டுக்கு ஏற்ற காப்பு என்பது எம் கருத்து.

படிவத்திற்கும் தன்னளவில் ஒரு நோய் உண்டு, அது எழுத்துக்கூட்டு. தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் ஒருமுறை எழுதியவாறு மறுமுறை எழுதுவார் அரியர். எம் நண்பர் மூன்று பாட்டுகளுக்கு மூன்று வகையாக எழுதியிருந்தார். பொறி அவரை மூன்று பாடகராக்கித் தனித்தனிப் பக்கம் வகுத்துவிட்டது. ஔவையார் பலர் என்று நாம் ஆராய்ச்சி செய்து நிறுவினோம். இங்கோ ஒருவரே ஆராய்ச்சியின்றிப் பலரானார்.

பெயர்க் காப்பின் அருமையை அண்மைக் காலத்தில் எல்லாரும் அறிய உணர்த்திய பாட்டு, 2021 மார்ச்சில் மாஜா நிறுவனத்தின் வழி வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. திரைப்படத்தைச் சாராத தமிழ்ப்பாட்டு உலகெங்கும் சென்றதற்கு அதனைச் சிறந்த சான்றாகக் கூறுவர். தீயும் அறிவும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசைப்பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் இசையிதழின் இந்தியப் பதிப்பு முகப்பட்டையில் அறிவு இடம்பெறாமையும், 2022 சூலையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இன்றியே அப்பாட்டு அரங்கேறியமையும் பெருஞ் சொற்போரை விளைத்தன. பாட்டின் ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதில் இருதிறத்தாரும் தத்தம் கூற்றை வெளியிட்டனர். 2024 மார்ச்சில், அப்பாட்டினால் கலைஞர்க்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் எம் பணியன்று.

திறனாய்வாளன் கூறத்தக்கது வேறு. அப்பாட்டினுள் பாடுவோன் தன்னை வள்ளியம்மாளின் பேரன் என்று கூறிக்கொள்கின்றான். வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி. கோதை தன்னைத் தந்தை பெயரால் அடையாளம் காட்டியதும் இவர் தம்மைப் பாட்டி பெயரால் அடையாளம் காட்டியதும் ஒரே மரபின் இரு கிளைகள். பின்னது அறிந்து செய்ததோ அறியாது செய்ததோ, கடைக்காப்பேயாகும். முகப்பட்டையில் பெயர் விடுபட்ட திங்களிலும், மேடையில் ஆள் விடுபட்ட நாளிலும், பாட்டினுள் வள்ளியம்மாள் பெயர் விடுபடவில்லை. எவர் பாடினும் அப்பெயரைப் பாடியே தீரவேண்டும். அறிவின் பெயருக்கு வழக்குத் தேவைப்பட்டது. வள்ளியம்மாளின் பெயருக்கு அது தேவைப்படவில்லை.

பொருள்வருவாய் பற்றிச் சில சொல்லி மேற்செல்வோம். 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், பாட்டெழுதுவோரும் இசையமைப்போரும் தமக்குரிய உரிமைப்பங்கை எழுதிக்கொடுத்தும் இழத்தற்கில்லை என வகுத்தது. 1969இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு அப்பங்கைத் திரட்டித் தருவது. ஆயின் 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பெறும் ஒலிப்பதிவிற்கு ஸ்பாட்டிஃபை பங்கு கணக்கிடுவதில்லை. பாட்டின் ஒலியை ஒப்பிட்டு உரிமை கோரும் பொறி யூடியூபில் இருத்தலின், பலரும் அறிந்த இராகத்தில் திருப்பாவை பாடி ஏற்றும் சிறுமிக்கும் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரால் உரிமைக் கோரிக்கை வந்துசேர இடமுண்டு. கோதையின் பெயரை ஈற்றில் தாங்கிய பாட்டிற்கு வேறொருவர் உரிமை கோருதல் காலத்தின் கோலமே.

எம் நண்பரிடம் மீள்வோம். அவர் பாட்டை மீண்டும் பதிவு செய்ய முடிவு செய்தார். தாம் இயற்றிய ஈற்றுக்கண்ணியில் பெயர் வைக்குமாறு யாம் கூறினோம். ஒருவாரம் கழித்து வந்து, வைக்க மனம் ஒருப்படவில்லை என்றார். முன்னைய கண்ணிகள் தாயாருடையவை; தாயார்க்கும் அவை பிறர் வாயிலாக வந்தவை. வயலில் வரிசையாக நின்று பாடிய பெண்கள் எவரும் பெயர் வைத்தாரில்லை. அவ்வரிசையின் கடைசியில் நிற்கும் ஒருவன் தன் பெயரை எழுதிவிட்டால், துண்டை வெட்டிச் சுற்றவிட்டவனுக்கும் தனக்கும் என்ன வேறுபாடு என்று அவர் வினவினார். இதற்கு நன்னூலில் விடை இல்லை. முதனூல், வழிநூல், சார்புநூல் என்னும் பகுப்பைச் சொல்லிப் பார்த்தோம். முதனூல் செய்தார் ஒருவர் என்னும் கோட்பாட்டின்மேல் நிற்கும் அப்பகுப்பு நடவு வரிசைக்குப் பொருந்தவில்லை. 'நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் எழுதுவதையும் அவர் ஏற்கவில்லை. அப்பெயரால்தானே அவர் பாட்டு அவரிடமிருந்து பறிபோயிற்று.

இறுதியில் கண்ணியினுள் தாயார் பெயரையும் ஊரையும் வைத்து, அவர் மகன் என்ற அளவில் தம்மையும் வைத்தார். சந்தம் சிறிது இடறுகின்றது. அதனை யாம் சுட்டினோம், அவர் மாற்றவில்லை. பின்னர்ப் படிவத்தில் 'எழுதினோர்' என்னும் இடத்தில் தாயார் பெயரை இட முயன்றார். அப்படிவம் பெயரை இரு பகுதியாகக் கேட்டது. இரண்டாம் பகுதி வெற்றிடமாக இருப்பின் ஏற்க மறுத்தது. தாயார்க்கோ ஒரே பெயர். கணவர் பெயரை எழுதலாம் என்றோம். அவர் சற்று எண்ணிவிட்டு, அவ்விடத்தில் இராசபாளையம் என்று எழுதினார்.